ஆட்ட மேஜையை விடாமல் உடம்பைத் தேற்றுவது: டெல்டா ஆட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேரம், செஸ், கேட்டன் மாதிரி போர்டு கேம், வீட்டுத் தாயக்கட்டம் என்று எதுவானாலும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் மணிக்கணக்கில் எழுந்திருக்காத கூட்டம் நாம். கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் குழுவில், வயது முப்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்டுவிடுகிற கேள்விகள் இவை. தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறையிலிருந்து வந்து போகும் நண்பர்கள் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான எண்ணம் உண்டு: உடம்பைத் தேற்ற ஆட்டத்தைக் குறைக்க வேண்டியதில்லை. நாலு பேர் வாரா வாரம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தவறாமல் கூடுகிறார்கள் என்றால் அதுவே பெரிய பலம். அந்தப் பலத்தை உடம்புக்கும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து விளையாடினால் அப்படி என்ன ஆகிவிடும்?

அந்த ஒரு நாளால் ஒன்றும் ஆகாது. மற்ற ஆறு நாளும் கடைக் கல்லாவிலோ, ஆபீஸ் நாற்காலியிலோ, லேப்டாப் முன்னாலோ உட்கார்ந்திருந்துவிட்டு, ஏழாவது நாளும் உட்காருகிறோமே, அதுதான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி என்று சொல்கிறது. அதே வழிகாட்டுதல் உட்கார்ந்தே இருக்கும் நேரத்தைக் குறைக்கவும் சொல்கிறது.

ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குவது, எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்வது எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். வெளியே தெரியாமல் ஏறுவது இரத்தச் சர்க்கரை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். சர்க்கரை வரும் விளிம்பில் இருப்பவர்கள் 13 கோடிக்கு மேல். நாம் விளையாடும் மேஜையிலேயே அந்த விளிம்பில் யாராவது இருக்கலாம்.

செஸ் ஆடினாலே ஏகப்பட்ட கலோரி எரியும் என்கிறார்களே?

செஸ் வீரர்கள் போட்டி நாளில் ஆறாயிரம் கலோரி எரிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். உட்கார்ந்திருக்கும் ஒரு சராசரி உடம்பு மணிக்கு 60, 70 கலோரி செலவழிக்கும். ஆழ்ந்து யோசித்தாலும் அது கொஞ்சம்தான் ஏறும். அதே ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 கலோரிக்குப் பக்கத்தில் போகும்.

சோவியத் வீரர்கள் கார்போவ், காஸ்பரோவ் மோதிய செஸ் உலக சாம்பியன் போட்டியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 1984 செப்டம்பரில் தொடங்கி 48 ஆட்டம் ஆடியும் முடிவு வராமல் 1985 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட போட்டி அது. கார்போவ் மிகவும் இளைத்துப்போயிருந்தார் என்று அப்போது பேசப்பட்டது. மாதக்கணக்கில் மன அழுத்தம் இருந்து, சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் யாராக இருந்தாலும் இளைக்கத்தான் செய்வார்கள். அந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நீண்ட ஆட்டத்தைத் தாங்க உடம்பு வேண்டும். இன்றைய பெரிய செஸ் ஆட்டக்காரர்கள் ஓட்டம், நீச்சல், ஜிம் என்று பயிற்சி எடுப்பது அதனால்தான். முன்னாள் உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் பிறந்த மயிலாடுதுறைப் பக்கத்தவர்கள் நாம். இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

நாற்பது வயதைத் தாண்டி, பல வருடமாக உடற்பயிற்சியே இல்லை என்றால் பி.பி., சர்க்கரை இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயுத் தொல்லை என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுக்கக்கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நடக்க ஆரம்பிப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில மருந்துகளோடு திடீரென்று உழைப்பு கூடினால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். பையில் நாலு மிட்டாய் வைத்திருப்பது நல்லது.

எடையைப் பார்ப்பதா, வேறு எதையாவது அளப்பதா?

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்ட நிலையில் சுற்றளவை எடுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. மாதம் ஒரு முறை அளந்தால் போதும். எடை தினமும் ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துப் பாதியில் விட்டவர்கள் அதிகம். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் அதுவே நல்ல வேகம்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். இங்கேதான் நமக்கு நிறைய இடம் இருக்கிறது. நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் அடுத்தவர் முறை. மூன்று மணி நேர ஆட்டம் என்றால் இரண்டே கால் மணி நேரம் நீங்கள் காத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நாற்காலியில்தான் இருந்தாக வேண்டும் என்று எந்த விதிப் புத்தகமும் சொல்லவில்லை.

எங்கள் மேஜையில் மெல்ல மெல்ல வந்து நிலைத்த பழக்கங்களைச் சொல்கிறேன். காய்களை அடுக்குவது, சீட்டைக் கலைப்பது, கடைசியில் எடுத்து வைப்பது எல்லாம் நின்றுகொண்டே. உங்கள் முறை முடிந்ததும் எழுந்து நின்று அடுத்தவர் ஆட்டத்தைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் போர்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியும், அது ஆட்டத்துக்கும் நல்லது. நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். கெண்டைக்கால் தசை வேலை செய்தால் காலில் தேங்கும் இரத்தம் மேலே ஏறும். ஆட்டத்தை விட்டு வெளியேறியவர் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காராமல், தெருமுனைவரை போய் வர வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி கதை சொல்லி ஆடும் ஆட்டக்காரர்களுக்கு இன்னும் வசதி: கதையை நடத்துபவர் நின்றுகொண்டு நடத்தினால் குரலும் எடுக்கும், ஆட்டமும் களைகட்டும்.

ஆட்டத் தேர்வும் முக்கியம். நாலு மணி நேரம் இழுக்கும் ஒரே ஆட்டத்துக்குப் பதில், ஒன்றரை மணி நேர ஆட்டம் இரண்டு. நடுவில் கால் மணி நேரம் எல்லாருமாக ஒரு நடை. பெரிய ஆட்டம்தான் வேண்டும் என்றால் சுற்றுகளுக்கு நடுவில் ஒரு இடத்தைக் குறித்து, அங்கே கட்டாய இடைவேளை என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். பாதியில் சொன்னால் ஜெயித்துக்கொண்டிருப்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, வருகிறவர்கள் வந்ததும் உட்காரக்கூடாது. முதலில் வந்தவர், அடுத்து வருபவரோடு மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம். புது ஆட்டம் என்றால் விதிகளை அந்த நடையிலேயே பாதி சொல்லி முடித்துவிடலாம்.

கேரம் ஆடினால் தோளும் கீழ்முதுகும் வலிக்கிறதே?

போர்டு தாழ்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வீடுகளில் போர்டைத் தரையில் போட்டோ, சின்ன ஸ்டூலில் வைத்தோ ஆடுவோம். அப்போது முதுகு வளைந்து, கழுத்து முன்னால் நீண்டு, முழு உடம்பும் தோளில் தொங்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்கை போர்டு விளிம்புக்கு இயல்பாக வரும் உயரத்தில் போர்டை ஏற்றுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும்.

முறையான போட்டிகளில் ஒரு போர்டு, அதாவது ஒரு சுற்று, முடியும்வரை நாற்காலியை நகர்த்த முடியாது. ஆனால் ஒரு கேம் என்பது 25 புள்ளி அல்லது 8 போர்டு. ஆக ஒவ்வொரு போர்டும் முடியும்போது ஒரு இடைவேளை தானாகவே கிடைக்கிறது. 19 காயையும் மறுபடி அடுக்கும் முன் எழுந்து நில்லுங்கள். இரண்டு கையையும் பின்னால் கோத்து, நெஞ்சை விரித்து, மூன்று முறை மூச்சை இழுத்து விடுங்கள். பிறகு ஸ்டிரைக்கர் அடிக்கும் கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை வெளியே பார்க்க, மறு கையால் விரல்களைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். முழங்கை வரைக்கும் ஒரு இழுப்பு தெரியும். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு முறை உலக சாம்பியனாகி 1996-க்கான அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் போன்றவர்கள் ஆடிய ஆட்டம் இது. இதை வெறும் திண்ணைப் பொழுதுபோக்காக நினைத்து உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது.

ஆட்டத்துக்கான சின்னப் பொம்மைகளுக்கு (மினியேச்சர்) பெயிண்ட் அடிக்கிறேன். கழுத்து பிடித்துக்கொள்கிறது.

பொம்மையைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள், கண்ணைப் பொம்மைக்குக் கொண்டு போகாதீர்கள். மேஜைமேல் இரண்டு தடிமனான புத்தகத்தை வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றினால் கை நடுங்காது, கழுத்தும் குனியாது. நல்ல விளக்கு அவசியம். வெளிச்சம் குறைந்தால் தானாகக் குனிந்துவிடுவோம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது இருபது விநாடி பாருங்கள். ஒரு வண்ணம் காயும்வரை அடுத்த வேலை கிடையாது, எழுந்து நடந்துவிட்டு வருவது மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடப்பதற்கு நம்ம ஊரில் நல்ல இடம் எது?

டெல்டாவில் இதற்குக் குறையே இல்லை. ஊருக்கு ஒரு குளம், ஒரு ஆறு. கும்பகோணத்தில் மகாமகக் குளம். மன்னார்குடியில் ஹரித்ராநதி, 23 ஏக்கர் குளம் என்பதால் ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். திருவாரூர்க்காரர்களுக்குக் கமலாலயம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வேலிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சுற்றளவு ஒன்றரை கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. மூன்று சுற்று போட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம், புது ஆற்றங்கரை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அது எங்கே என்று விசாரித்து, குழுவாக ஒரு நாள் முழுதும் நடந்து பாருங்கள்.

நம்ம ஊர் நிலம் தட்டையானது. சைக்கிளுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது, ஆனால் ஏறுவதற்கு மேடு கிடைக்காது. படி ஏற வேண்டும் என்றால் சுவாமிமலை இருக்கிறது, அறுபது தமிழ் வருடத்துக்கு அறுபது படி. முதலில் நிதானமாக ஒரு முறை. பழகிய பிறகு கீழே இறங்கி மறுபடி ஏறலாம். திருச்சிப் பக்கம் உள்ளவர்களுக்கு மலைக்கோட்டை, உச்சிப்பிள்ளையாருக்கு நானூறு படிக்கு மேல். அதை எடுத்தவுடன் முயற்சி செய்ய வேண்டாம்.

செஸ் ஆடுபவர்களுக்கு ஒரு சைக்கிள் பயணம் சொல்கிறேன். மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் திருப்பூவனூர். அங்கே சுவாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகள் ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் வென்று இறைவன் மணந்தார் என்பது தல புராணம். தேவாரப் பாடல் பெற்ற தலம். காலையில் கிளம்பி, தரிசனம் முடித்து, ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம்.

தெருநாய் பற்றி ஒரு வார்த்தை. விடிகாலையில் தனியாகப் போகாதீர்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும், நாய் குரைத்தால் ஓடாதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும்.

ஆற்றில் நீந்தலாமா என்றும் கேட்கிறார்கள். தண்ணீர் திறந்த புதிதில் வேகமும் சுழலும் தெரியாது, மணல் எடுத்த பள்ளமும் கண்ணுக்குப் படாது. சின்ன வயதில் நீந்தியவர்கள் கூட பல வருட இடைவெளிக்குப் பிறகு ஆற்றில் இறங்க வேண்டாம்.

சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் எப்படி?

கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். நம்ம பக்கம் வெப்பத்தைவிடப் புழுக்கம் ஆளைச் சாய்க்கும், வியர்வை காயாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்ல துணை. அடைமழை நாளில் வீட்டு முற்றம், மாடிப்படி, நீளமான ரேழி எதுவும் போதும். பத்து நிமிடமாக மூன்று வேளை நடந்தாலும் கணக்கில் சேரும். சாப்பிட்ட பிறகு நடக்கும் பத்து நிமிடம் சர்க்கரை ஏறுவதை நன்றாகவே மட்டுப்படுத்தும்.

பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஏழாயிரம், எட்டாயிரம் அடி வரை பலன் நன்றாகக் கூடுகிறது. அதற்கு மேல் கூடும் வேகம் குறைகிறது. இப்போது மூவாயிரம் நடப்பவர் நாலாயிரம் ஆக்கினால் அதுவே லாபம்.

ஜிம்முக்குப் போகாமல் வலு சேர்க்க முடியுமா?

பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கட்டும். பின்னால் ஒரு முக்காலி இருப்பதாக நினைத்து, இடுப்பை முதலில் பின்னால் தள்ளி, அப்புறம் இறங்குங்கள். குதிகால் தரையைவிட்டு எழக்கூடாது, முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. முட்டி வலி உள்ளவர்கள் நிஜமாகவே ஒரு நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து எழுந்தால் போதும். எழும்போது கையை ஊன்றாமல் எழ முயலுங்கள். எட்டு, பத்து என்று இரண்டு தடவை. அவசரம் வேண்டாம், இறங்குவதற்கு மூன்று எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கும் நெஞ்சுக்கும் சுவரில் கை ஊன்றித் தண்டால். அது சுலபமானதும் சமையல் மேடையில், அப்புறம் திண்ணையில், கடைசியில் தரையில். முதுகுக்கு, ஒரு துணிப்பையில் அரிசி போட்டு, முன்னால் குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுத்துத் தூக்குவது. இடுப்புக்கு, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. இந்த நாலையும் வாரத்தில் இரண்டு நாள் செய்தால் போதும், இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. முதல் வாரம் தொடை வலிக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் குத்துவது போல வலித்தால் மட்டும் நிறுத்துங்கள்.

விளையாட வந்தால் பஜ்ஜி, போண்டா, மிக்சர் வராமல் இருக்காதே. மறுத்தால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.

மறுக்கச் சொல்லவில்லை. கார்டு வைத்து ஆடுபவர்களுக்கு எண்ணெய்க் கைதான் முதல் எதிரி. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் கார்டில் பஜ்ஜிக் கறை படிந்தால் எந்தத் துணியாலும் போகாது. “அண்ணே, கார்டு வீணாகிவிடும், மேஜைக்கு சுண்டல் மட்டும் போதும், பஜ்ஜியை இடைவேளையில் தாழ்வாரத்தில் சாப்பிடுகிறோம்” என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். விளையாடிக்கொண்டே சாப்பிட்டால் எவ்வளவு தின்றோம் என்றே தெரியாது. எழுந்து போய்ச் சாப்பிட்டால் இரண்டு பஜ்ஜியோடு நின்றுவிடும்.

மேஜைக்கு ஏற்றவை: ஸ்பூனோடு கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, வேகவைத்த வேர்க்கடலை, வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா. பயறும் கடலையும் புரதம் தரும், சீக்கிரம் பசி எடுக்காது.

காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, கும்பகோணத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லவும் கூடாது. சர்க்கரையைக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம், 20 கலோரி. டவராவுக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஐந்து காபி என்றால் சர்க்கரையில் மட்டும் 200 கலோரி. கிட்டத்தட்ட ஒரு மணி நேர நடை அதிலேயே போய்விடும். இரண்டை ஒன்றாக்கி, ஒன்றை அரையாக்கி, மாதக்கணக்கில் நாக்கைப் பழக்குங்கள். நல்ல டிகாக்ஷனும் கறந்த பாலும் இருந்தால் சர்க்கரை குறைந்ததே தெரியாது. மாலை ஐந்துக்கு மேல் காபி வேண்டாம், தூக்கம் கெடும்.

சோற்றை நிறுத்திவிடலாமா?

நெல் விளையும் ஊரில் சோற்றை நிறுத்துவது நாலு நாளைக்குத்தான் ஓடும். தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் ஒதுக்குங்கள்: வாழைத்தண்டுக் கூட்டு, வாழைப்பூப் பொரியல், முருங்கைக்கீரை, அவரை. கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு, முட்டை அல்லது மீன். சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் ஒரு முறையைக் குறைத்து, மோரைக் கடைசியில் தம்ளரில் குடித்துவிடலாம். குழம்பு மீனுக்கும் பொரித்த மீனுக்கும் வித்தியாசம் பெரிது.

நடப்பது சலிப்பாக இருக்கிறது. இதையே ஒரு ஆட்டமாக ஆக்க முடியாதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. எங்கள் குழுவில் ஓடும் ஆட்டத்தைச் சொல்கிறேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காவிரியின் நீளம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை ஆற்றை வரையுங்கள். பத்து கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், மொத்தம் எண்பது கட்டம். ஸ்ரீரங்கப்பட்டணம், ஒகேனக்கல், மேட்டூர், பவானி, ஈரோடு, முக்கொம்பு, ஸ்ரீரங்கம், கல்லணை, திருவையாறு, மயிலாடுதுறை என்று ஊர்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லாரும் நடந்த தூரத்தைக் கூட்டி, ஒரே ஒரு காயை நகர்த்த வேண்டும். நாலு பேர், ஆளுக்கு தினம் நாலு கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள் என்றால் வாரம் 80 கிலோமீட்டர். பத்து வாரத்தில் காய் கடலுக்குப் போய்ச் சேரும். நாலு கிலோமீட்டர் நடக்க முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், ஆக வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கையும் தாண்டிவிடுகிறோம்.

வழியில் தடைகளும் வேண்டும். மேட்டூருக்கு வந்ததும் காய் நின்றுவிடும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. குழுவாக அந்த வாரத்தில் 120 தோப்புக்கரணம் போட்டால்தான் மதகு திறக்கும். பவானி கூடுதுறையிலும், அமராவதி சேரும் திருமுக்கூடலூரிலும் துணையாறு சேர்வதால், அந்த வாரம் வீட்டிலிருந்து ஒருவரை நடைக்கு அழைத்து வந்தால் ஒரு கட்டம் கூடுதல். முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும்: அந்த வாரம் யாராவது ஒரு நாள்கூட நடக்கவில்லை என்றால் ஒரு கட்டம் தண்ணீர் கொள்ளிடத்தில் போய்விட்டதாகக் கணக்கு. கல்லணைக்கு வந்ததும் குழுவே தீர்மானிக்கலாம், வெண்ணாற்று வழியா, புது ஆற்று வழியா, காவிரி வழியா என்று. அதற்குத் தனி விதி எழுத நம்ம ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

தனித்தனியாக யார் முதலிடம் என்று பட்டியல் போடாதீர்கள். எடையை வைத்துப் போட்டி வைக்கவே வேண்டாம். பட்டினி கிடந்து ஜெயிக்க முயல்பவர் ஒருவர் வந்துவிடுவார். எல்லாருக்கும் ஒரே காய் என்பதுதான் இதன் உயிர். முட்டி வலியோடு ஒரு கிலோமீட்டர் நடக்கும் ஐம்பது வயதுக்காரரின் தூரமும் அதே காயைத்தான் நகர்த்துகிறது.

வீட்டு வேலை முடித்து நேரமே இல்லை. வெளியே தனியாக நடக்கவும் வசதியில்லை.

பெண்கள் பலர் இதைச் சொல்கிறார்கள், இது நியாயமான தடை. வேலையைப் பகிர்ந்துகொள்வது வீட்டில் மற்றவர்கள் பொறுப்பு. ஞாயிறு அன்று ஆட்டத்துக்குப் போகும் ஆண்கள், அதே அளவு நேரத்தை மனைவிக்கும் ஒதுக்கித் தர வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

மாடி இருந்தால் மொட்டை மாடியில் நடக்கலாம். தாயமோ பல்லாங்குழியோ தரையில் உட்கார்ந்து ஆடும் வழக்கம் இருந்தால் அதை விடாதீர்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கை ஊன்றாமல் தரையிலிருந்து எழுவது நல்ல பயிற்சி; முதலில் ஒரு கை ஊன்றிப் பழகலாம். வயதானவர்கள் விழாமல் இருக்க வேண்டிய வலுவும் சமநிலையும் அதிலேயே இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வலுவிழக்கும் என்பதால், வலுப் பயிற்சி பெண்களுக்கு இன்னும் அவசியம்.

ஆட்டம் நள்ளிரவு வரை போகிறது. அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஏழு மணி நேரம் தூங்காத மறுநாள் பசி கூடும், இனிப்பு தேடும், காலை நடையும் போகும். மதியம் மூன்றுக்கு ஆரம்பித்து எட்டுக்கு முடியுங்கள். இரவுச் சாப்பாட்டை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், பரோட்டாக் கடையும் மிச்சம்.

ஒரு மாதம் விட்டுப்போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்தா?

கல்யாணம், தீபாவளி, காய்ச்சல், அறுவடை என்று ஏதாவது வரத்தான் செய்யும். விட்ட இடத்தில் பாதி அளவோடு தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் பழைய அளவு வந்துவிடும். ஒரு முறை சேர்த்த வலு இரண்டாம் முறை சீக்கிரம் திரும்பும். டெங்குவோ கடும் காய்ச்சலோ வந்திருந்தால் மட்டும், டாக்டர் சரி என்று சொல்லும்வரை காத்திருங்கள்.

எல்லாம் சரி, இந்த வாரம் நான் என்ன செய்வது?

இன்றைக்கு இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நாளை முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடை. புதன்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து, சுவர்த் தண்டால் பத்து. சனிக்கிழமை அதையே மறுபடி. ஞாயிறு ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லி இன்றைக்கே குழுவுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள், வழியில் கடையில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொள்ளுங்கள்.